பூஸ்ட், ஆக்டேன், டைமிங் – ஒரு மூணு பேர் பஞ்சாயத்து

மேட்டுல வண்டி ஏறும்போது கியரைக் குறைக்காம ஆக்ஸிலரேட்டரை மட்டும் அமுக்கினா, எஞ்சினுக்குள்ள யாரோ தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி ஒரு சத்தம் வருமே, கேட்டிருக்கீங்களா? பழைய கார்புரேட்டர் வண்டி ஓட்டினவங்களுக்கு நல்லாவே தெரியும். மெக்கானிக்கிட்ட கொண்டு போனா, "பெட்ரோல் சரியில்ல சார், டைமிங்கைக் கொஞ்சம் பின்னாடி வெக்கறேன்"னு சொல்லி டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பி விடுவார். சத்தம் போயிடும். கூடவே வண்டியோட இழுவையும் கொஞ்சம் போயிடும்.

அந்த மெக்கானிக் ஒரு நிமிஷத்துல பண்ணின வேலைக்குப் பின்னாடி நூறு வருஷத்துக் கதை ஒண்ணு இருக்கு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கார் பிடிக்காதவங்களும் தைரியமா உள்ள வரலாம். இதுல எஞ்சினை விட மனுஷங்கதான் அதிகம். கொஞ்சம் நீளம், காபி போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க :-)

முதல்ல அந்த மூணு பேர் யாரு?

ஒண்ணாவது ஆள் பூஸ்ட். கபில்தேவ் குடிச்ச பூஸ்ட் இல்லீங்க. எஞ்சின் தானா இழுக்கிற காத்து போதாதுன்னு, ஒரு பம்ப் வெச்சு வலுக்கட்டாயமா காத்தைத் திணிக்கிறதுக்குப் பேரு சூப்பர்சார்ஜிங். அப்படித் திணிக்கிற காத்து, வெளிக்காத்தோட அழுத்தத்துக்கு மேல எவ்வளவு கூடுதலா இருக்கோ அதுதான் பூஸ்ட். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரிக்கலாம், பவரும் கூடும். இது வரைக்கும் சிம்பிள்.

ஆனா சைக்கிள் பம்ப்பைத் தொட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், காத்தை அமுக்கினா சூடாகும். 30 டிகிரி காத்தை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏத்தறோம்னு வெச்சுக்குங்க, அதாவது சுமார் 7 பி.எஸ்.ஐ. பூஸ்ட். நஷ்டமே இல்லாத பம்ப்பா இருந்தாக்கூட காத்து 67 டிகிரி ஆயிடும். 60 சதவீதத் திறனுள்ள பம்ப்புன்னா 90 டிகிரியைத் தாண்டிடும். சிலிண்டருக்குள்ள போறதுக்கு முன்னாடியே இந்தக் கதி.

ரெண்டாவது ஆள் ஆக்டேன். இதைப் பத்தி பெரிய தப்பபிப்பிராயம் ஒண்ணு இருக்கு. ஆக்டேன் கூடின பெட்ரோல்ல சக்தி அதிகம்னு பலரும் நினைக்கிறாங்க. இல்லவே இல்ல. ஆக்டேன் எண் சொல்றது ஒரே விஷயம்தான்: இந்தப் பெட்ரோல் எவ்வளவு சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கிக்கிட்டு, தானா பத்திக்காம பொறுமையா இருக்கும் என்பது. ஆக்டேன் என்பது பலம் இல்ல, பொறுமை.

மூணாவது ஆள் டைமிங். ஸ்பார்க் பிளக் எப்போ பொறி வெக்கணும் என்பது. பிஸ்டன் மேல வந்து முட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பொறி வெச்சாகணும், ஏன்னா தீ பரவ நேரம் எடுக்கும். 3,000 ஆர்.பி.எம்.ல ஓடற எஞ்சின்ல கிராங்க் 10 டிகிரி சுத்தறதுக்கு ஆகிற நேரம் ஒரு விநாடியில ஏறக்குறைய 1,800ல ஒரு பங்கு. அவ்வளவு குட்டி நேரத்துல நடக்கிற கூத்து இது. பொறி சீக்கிரம் வெச்சா அழுத்தம் எகிறும். தாமதமா வெச்சா அழுத்தம் குறையும், ஆனா பவரும் குறையும், பாதி சூடு வீணா சைலன்சர் பக்கம் போயிடும்.

இந்த மூணு பேரும் ஒத்துப் போகலைன்னா வர்ற சத்தம்தான் நாக். பொறியிலிருந்து தீ ஒழுங்கா பரவிக்கிட்டு வரும்போது, மூலையில இருக்கிற மிச்சக் கலவை சூடும் அழுத்தமும் தாங்காம ஒரே நொடியில தானா வெடிச்சிடும். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவத்துல மோதற சத்தத்தைத்தான் நாம கூழாங்கல்லுன்னு கேக்கறோம். லேசா வந்தா தொந்தரவு இல்ல. பூஸ்ட் வெச்ச எஞ்சின்ல தொடர்ந்து வந்தா பிஸ்டன்ல ஓட்டையே விழும்.

சரி, கதைக்குப் போவோம்.

1921: பெர்லின்ல ஒரு ஊதல், டேட்டன்ல ஒரு மருந்து

காத்து ஊதற பம்ப் காருக்காகப் பிறந்தது இல்ல. அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல ரூட்ஸ்னு ரெண்டு சகோதரர்கள். 1860ல அவங்க பேட்டன்ட் எடுத்த காத்தூதி, ரொம்ப நாளைக்கு இரும்பு உருக்கற உலைகளுக்குத்தான் காத்து ஊதிக்கிட்டிருந்துச்சு. முதல் உலகப் போர்ல விமானம் உயரத்துல பறக்கும்போது காத்து மெலிஞ்சு எஞ்சின் மூச்சு வாங்கினதால, ஜெர்மனியில டைம்லர் கம்பெனி இந்த விஷயத்தை ஆராய்ஞ்சாங்க. போர் முடிஞ்சது, அந்த அனுபவம் காருக்கு வந்துச்சு. 1921ல பெர்லின் மோட்டார் கண்காட்சியில சூப்பர்சார்ஜர் வெச்ச ரெண்டு மெர்சிடிஸ் கார்களை நிறுத்தினாங்க. ரேஸுக்கு இல்லாம, சாதாரணமா ரோட்டுல ஓட்டறதுக்குன்னு வரிசையாத் தயாரிச்ச சூப்பர்சார்ஜர் கார்களோட ஆரம்பம் அதுதான்.

அந்தக் கார்களோட பேரே ஒரு கணக்கு மாதிரி இருக்கும்: 6/25/40, 10/40/65. முதல் எண் வரிக்கான குதிரைத்திறன். ரெண்டாவது, சூப்பர்சார்ஜர் இல்லாதப்போ. மூணாவது, இருக்கும்போது. ஏன் ரெண்டு கணக்கு? ஏன்னா அந்த ஊதி எப்பவும் ஓடாது. பெடலை தரை வரைக்கும் அமுக்கினாத்தான் ஒரு கிளட்ச் மூலமா சேர்ந்துக்கும். அதையும் கொஞ்ச நேரத்துக்குத்தான் பயன்படுத்தணும். நினைச்சுப் பாருங்க, பவர் இருக்கு, ஆனா தொடர்ந்து வெச்சுக்க முடியாது. அன்னிக்கு இருந்த பெட்ரோலுக்கு அவ்வளவுதான் பொறுமை.

அதே 1921ல, கடல் தாண்டி ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரத்துல இன்னொரு ஆள் இதே பிரச்சினையை வேற பக்கத்துல இருந்து குடைஞ்சுக்கிட்டிருந்தார். தாமஸ் மிட்ஜ்லி. ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல சார்ல்ஸ் கெட்டரிங்கோட உதவியாளர். கெட்டரிங்தான் 1912 கேடிலாக் கார்ல வந்த எலக்ட்ரிக் ஸ்டார்ட்டருக்குச் சொந்தக்காரர். அவரோட பேட்டரி இக்னிஷனாலதான் நாக் வருதுன்னு பழி விழுந்துச்சு. மனுஷருக்கு ரோஷம். காரணம் இக்னிஷன் இல்ல, எரிபொருள்தான்னு நிரூபிக்கக் கிளம்பினார்.

இங்கிலாந்துல ஹாரி ரிக்கார்டோவும் இதே முடிவுக்கு வந்திருந்தார். அவர் அழுத்த விகிதத்தை ஓடிக்கிட்டிருக்கும்போதே மாத்தக்கூடிய ஒரு சோதனை எஞ்சின் செஞ்சு, ஒவ்வொரு பெட்ரோலும் எந்த இடத்துல நாக் பண்ண ஆரம்பிக்குதுன்னு வரிசைப்படுத்தினார். ஒரே மாதிரி தெரியற ரெண்டு பெட்ரோல் ரெண்டு விதமா நடந்துக்கும்னு உலகத்துக்குப் புரிஞ்சது அப்பதான்.

மிட்ஜ்லி கையில கிடைச்சதை எல்லாம் பெட்ரோல்ல கலந்து பார்த்தார். அயோடின் வேலை செஞ்சுது, ஆனா விலை அதிகம், உலோகத்தை அரிக்கும். அனிலின் வேலை செஞ்சுது, நாத்தம். டெல்லூரியம் இன்னும் நல்லா வேலை செஞ்சுது, நாத்தம் ஆளை விட்டே போகாது. ஆல்கஹாலும் வேலை செஞ்சுது. இதை அடிக்கோடு போட்டுக்குங்க, கடைசியில திரும்ப வரும். 1921 அக்டோபர்ல மிட்ஜ்லி 30 சதவீதம் ஆல்கஹால் கலந்த எரிபொருள்ல ஓடற காரை டேட்டன்லருந்து இண்டியானாபோலிஸ் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போய், அங்க பொறியாளர்கள் கூட்டத்துல கலந்துக்கிட்டார்.

ரெண்டு மாசம் கழிச்சு, டிசம்பர் 9ம் தேதி, டெட்ராஎத்தில் லெட் கலந்து பார்த்தாங்க. ஈயம். ஒரு காலனுக்கு 3 மில்லி போதும், நாக் காணாமப் போயிடுச்சு. ஆல்கஹால் யார் வேணாலும் காய்ச்சலாம், அதுக்கு பேட்டன்ட் வாங்கி உக்கார முடியாது. இதுக்கு முடியும். ஆல்கஹால் அதுக்கப்புறம் மேடையை விட்டு இறங்கிடுச்சு.

எத்தில்

1923 பிப்ரவரியில டேட்டன்ல ஒரு பங்க்ல விற்பனை ஆரம்பம். பேரு என்ன வெச்சாங்க தெரியுமா? எத்தில். ஈயம் என்கிற வார்த்தையே கிடையாது. ஈயம் விஷம்னு ரோமானியர் காலத்துலருந்தே ஜனங்களுக்குத் தெரியுமே! மிட்ஜ்லியே அந்த வருஷம் ஈய விஷத்தால பாதிக்கப்பட்டு ஓய்வெடுக்க ஃப்ளோரிடா போயிருந்தார்.

1924 அக்டோபர்ல நியூ ஜெர்சியில பேவே சுத்திகரிப்பு ஆலை. அங்க டெட்ராஎத்தில் லெட் தயாரிச்ச தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலிச்சுது. சும்மா இருந்தவங்க திடீர்னு வெறி பிடிச்ச மாதிரி ஆனாங்க, கட்டிப் போட வேண்டியிருந்துச்சு. அஞ்சு பேர் செத்துப் போனாங்க. இன்னும் பல பேர் ஆஸ்பத்திரியில. அதே மாநிலத்துல டீப்வாட்டர்ல இருந்த டூபாண்ட் ஆலைக்கு அங்க வேலை செஞ்சவங்க வெச்ச பேரு 'பட்டாம்பூச்சி வீடு'. ஏன்னா உள்ள வேலை செய்யறவங்க இல்லாத பூச்சியை எல்லாம் காத்துல விரட்டிக்கிட்டு இருப்பாங்களாம். படிக்க அழகான பேரா இருக்கு. விஷயம் தெரிஞ்சப்புறம் அந்தப் பேரை மறக்க முடியல எனக்கு.

அந்த மாசக் கடைசியில மிட்ஜ்லி பத்திரிகைக்காரங்க முன்னாடி அந்தத் திரவத்துல கையைக் கழுவிக் காட்டினார். பாட்டிலை மூக்குல வெச்சு ஒரு நிமிஷம் மோந்து காட்டினார். ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னார். ஃப்ளோரிடாவுல ஓய்வெடுத்த அதே மனுஷர்.

1925 மே மாசம் அமெரிக்க அரசு ஒரு விசாரணைக் கூட்டம் போட்டுச்சு. தொழிற்சாலை நோய்களை ஆராய்ஞ்ச மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் அதுல கடுமையா எதிர்த்தார். கேக்க ஆளில்ல. அடுத்த வருஷம், தடை செய்யப் போதுமான காரணம் இல்லைன்னு குழு சொல்லிடுச்சு. எத்தில் மறுபடி பங்க்குக்கு வந்துச்சு.

தராசு கிடைத்தது

ஒரு நல்லதும் நடந்துச்சு. நாக்கை அளக்க ஒரு பொதுவான அளவுகோல் தேவைப்பட்டுச்சு. எத்தில் கம்பெனியில வேலை பார்த்த கிரஹாம் எட்கர் 1926–27 வாக்குல ரெண்டு திரவங்களைத் தேர்ந்தெடுத்தார். சுலபமா நாக் பண்ற நார்மல் ஹெப்டேனுக்கு 0. பொறுமையே உருவான ஐசோஆக்டேனுக்கு 100. நம்ம பெட்ரோல் இந்த ரெண்டும் கலந்த எந்தக் கலவை மாதிரி நடந்துக்குதோ, அதுல இருக்கிற ஐசோஆக்டேன் சதவீதம்தான் அதோட ஆக்டேன் எண். இதை அளக்கிற ஒத்தை சிலிண்டர் எஞ்சின் 1929ல வந்துச்சு. ஆய்வு முறையில 600 ஆர்.பி.எம்., மோட்டார் முறையில 900 ஆர்.பி.எம். இன்னிக்கும் பங்க்ல நாம பார்க்கிற 91, 95 எல்லாம் அந்த வம்சம்தான்.

ஈயமும் அளவுகோலும் வந்ததும் சூப்பர்சார்ஜருக்கு நல்ல காலம். 1932ல டூசன்பெர்க் எஸ்.ஜே. 320 குதிரைத்திறன்னு விளம்பரம். சூப்பர்சார்ஜர் இல்லாத ஜே மாடல் 265. இதெல்லாம் சினிமா நட்சத்திரங்களும் மகாராஜாக்களும் வாங்கின கார். ஆனா 1934லயே கிரஹாம்-பெய்ஜ் கம்பெனி நடுத்தர விலையில ஒரு சூப்பர்சார்ஜர் காரைக் கொண்டு வந்துட்டாங்க.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். 1940ல பிரிட்டிஷ் விமானப்படை 87 ஆக்டேன்லருந்து 100 ஆக்டேனுக்கு மாறினப்போ, மெர்லின் எஞ்சின்ல பூஸ்ட்டை ஆறே கால் பி.எஸ்.ஐ.லருந்து 12க்கு ஏத்த முடிஞ்சுது. 1,030 குதிரைத்திறன் கொடுத்துக்கிட்டிருந்த எஞ்சின் 1,300க்கு மேல கொடுத்துச்சு. எஞ்சின் அதே எஞ்சின்தான். பெட்ரோலோட பொறுமைதான் கூடிச்சு. ஆக்டேன் தன்னால பவர் தராது, பூஸ்ட் ஏத்திக்க அனுமதி தரும் என்பதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

1962: ஒரே கேள்விக்கு மூணு பதில்

போருக்கு அப்புறம் அமெரிக்கக் கார்க்காரங்க கை ஓங்கிச்சு. 1957ல ஃபோர்டு 312 கன அங்குல எஞ்சின்ல ரெண்டு வகை கொடுத்தாங்க. ரெண்டு கார்புரேட்டர் வெச்சது, அழுத்த விகிதம் 9.7, 270 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜர் வெச்சது, அழுத்த விகிதம் 8.5, 300 குதிரைத்திறன். அந்த 9.7ஐ 8.5 ஆக்கினதைக் கவனிங்க. பூஸ்ட் வெளியில அமுக்குது, அதனால சிலிண்டருக்குள்ள அமுக்கறதைக் குறைச்சுட்டாங்க. இல்லைன்னா அன்னிக்கு பங்க்ல கிடைச்ச பெட்ரோல் தாங்காது.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச வருஷம் 1962. ஒரே வருஷத்துல மூணு அமெரிக்க கார்கள் வெளிவந்துச்சு. மூணும் காத்தைத் திணிக்கிற கார்கள். நாக் என்கிற ஒரே கேள்விக்கு மூணும் மூணு விதமா பதில் சொல்லிச்சு. (இதுல ரெண்டு டர்போ. புகையால சுத்தற சூப்பர்சார்ஜர்தான் டர்போ, பிரச்சினை ஒண்ணுதான். அதனால சண்டைக்கு வராதீங்க :-))

முதல் பதில், ஸ்டூட்பேக்கர் அவான்டி. சூப்பர்சார்ஜர் இல்லாத ஆர்1 எஞ்சினுக்கு அழுத்த விகிதம் 10.25. பாக்ஸ்டன் சூப்பர்சார்ஜர் வெச்ச ஆர்2வுக்கு 9. ஃபோர்டு சொன்ன அதே பதில். பூஸ்ட் இல்லாத நேரத்துல, அதாவது ஊருக்குள்ள மெதுவா ஓட்டற நேரத்துல, எஞ்சின் கொஞ்சம் மந்தமா இருக்கும். பரவாயில்ல, பெடலை மிதிச்சா 289 குதிரை இருக்கு. 240க்குப் பதிலா 289.

ரெண்டாவது பதில், செவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர். 2.4 லிட்டர் எஞ்சின், டர்போ, 150 குதிரைத்திறன். இங்க அழுத்த விகிதத்தை 8 ஆக்கினது போதாதுன்னு டைமிங்கையும் இழுத்தாங்க. சாதாரண டிஸ்ட்ரிபியூட்டர்ல வெற்றிடத்தை வெச்சு டைமிங்கை முன்னாடி தள்ற ஒரு குமிழ் இருக்கும். இதுல அந்த இடத்துல தலைகீழ் வேலை செய்யற குமிழ். பூஸ்ட் ஏறினா டைமிங்கைப் பின்னாடி இழுக்கும். நம்ம மெக்கானிக் கையால திருப்பினாரே, அதை ஒரு ரப்பர் சவ்வு தானா செஞ்சுது. ஆனா அதுக்கு நாக் வருதா இல்லையான்னு தெரியாது. பூஸ்ட் வந்தா இழு, அவ்வளவுதான். நல்ல பெட்ரோல் போட்டாலும் இழுக்கும், மட்டமான பெட்ரோல் போட்டாலும் அதே அளவுதான் இழுக்கும்.

மூணாவது பதில்தான் சுவாரஸ்யம். ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர். 215 கன அங்குலம், 215 குதிரைத்திறன். இவங்க எதையும் விட்டுக் கொடுக்கத் தயாரில்ல. டர்போ இல்லாத எஞ்சினுக்கு இருந்த அதே 10.25 அழுத்த விகிதம், மேல 5 பி.எஸ்.ஐ. பூஸ்ட். நாக் வராம எப்படி? எஞ்சின் அறையில இன்னொரு குட்டி டேங்க் வெச்சு, தண்ணியும் மெத்தனாலும் பாதிப் பாதி கலந்த திரவத்தை பூஸ்ட் வரும்போது காத்தோட சேர்த்துத் தெளிச்சாங்க. அது ஆவியாகும்போது காத்தைக் குளிர்விக்கும், மெத்தனால் ஆக்டேனையும் ஏத்தும். போர்விமானத்துல பண்ணின வித்தை. பேரு 'டர்போ ராக்கெட் திரவம்'. பேர்லயே பாதி பவர் வந்துடும் போல.

பொறியியலாப் பார்த்தா அபாரம். டேங்க் காலியானா எஞ்சின் கெட்டுப் போகாம இருக்க, பூஸ்ட்டைத் தானா குறைக்கிற ஒரு வால்வு கூட வெச்சிருந்தாங்க. ஆனா மனுஷங்களை மறந்துட்டாங்க. பெட்ரோல் போடவே சலிச்சுக்கிறவன், இன்னொரு திரவத்தைத் தேடிப் போய் வாங்கி ஊத்துவானா? பல பேர் ஊத்தவே இல்ல. வண்டி இழுக்கலைன்னு புகார் வந்துச்சு. ரெண்டு வருஷத்துல பத்தாயிரத்துக்கும் குறைவாத்தான் தயாராச்சு. பிற்பாடு கம்பெனியே டர்போவைக் கழட்டிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்துச்சு.

மூணு பதிலையும் ஒண்ணா வெச்சுப் பாருங்க. ஒருத்தர் அழுத்த விகிதத்தை விட்டுக் கொடுத்தார். ஒருத்தர் டைமிங்கை விட்டுக் கொடுத்தார். விட்டுக் கொடுக்க மாட்டேன்னவர் வேலையை வண்டி வாங்கினவன் தலையில கட்டினார். இதுக்கு நடுவுல ஈயம் கலந்த பெட்ரோல் ஊர் முழுக்க எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதோட விலையை எஞ்சினும் கொடுக்கல, ஓட்டினவனும் கொடுக்கல. ரோட்டோரம் விளையாடின குழந்தைங்க கொடுத்தாங்க.

காது முளைச்ச எஞ்சின்

1965ல வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன், மனுஷங்க உடம்புல இருக்கிற ஈயம் இயற்கையா இருக்க வேண்டியதை விடப் பல மடங்குன்னு எழுதினார். 1979ல ஹெர்பர்ட் நீடில்மேன் குழந்தைகளோட விழுந்த பால் பற்களை எடுத்து ஆராய்ஞ்சு, ஈயம் கூடுதலா இருந்த பிள்ளைகளுக்குப் படிப்பும் கவனமும் குறைவா இருந்துச்சுன்னு காட்டினார். வெளியில நோயாளி மாதிரி தெரியாத, சாதாரணமா பள்ளிக்கூடம் போன குழந்தைங்க அவங்க.

ஆனா ஈயத்தை வெளியேத்தினதுல பெரிய பங்கு இன்னொரு ஆளுக்கு. 1975 மாடல்ல இருந்து அமெரிக்கக் கார்கள்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்துச்சு. ஈயம் பட்டா அது செத்துப் போயிடும். குழந்தைங்களுக்காக மசியாதவங்க கன்வெர்ட்டருக்காக மசிஞ்சாங்கன்னு சொன்னா அது முழு உண்மை இல்லதான், ஆனா ரொம்பத் தப்பும் இல்ல.

ஈயம் போச்சு, ஆக்டேன் இறங்கிச்சு. இப்போ பூஸ்ட் என்ன பண்ணும்? பழைய மாதிரி எல்லாரும் முன்கூட்டியே விட்டுக் கொடுத்துட்டு மந்தமா ஓட வேண்டியதுதானா?

1978ல ப்யூக் கம்பெனியோட டர்போ வி6 எஞ்சின்ல ஒரு சின்ன சாமான் வந்துச்சு. நாக் சென்சார். நாக் வந்தா எஞ்சின் இரும்புல சில ஆயிரம் ஹெர்ட்ஸ்ல ஒரு நடுக்கம் வரும். அதைக் கேட்டு, எலக்ட்ரானிக் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி டைமிங்கைப் பின்னாடி இழுக்கும். சத்தம் நின்னதும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொடுக்கும். கோர்வேரோட ரப்பர் சவ்வு கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சதை இது காதால கேட்டுச் செஞ்சுது.

ஸ்வீடன்ல சாப் கம்பெனியில பெர் கில்பிராண்ட் இதை இன்னொரு படி மேல கொண்டு போனார். 1982 மாடல்ல வந்த அவங்களோட ஏ.பி.சி. முறையில நாக் கேட்டா பூஸ்ட்டே குறையும். நல்ல பெட்ரோல் போட்டா முழு பூஸ்ட், மட்டமான பெட்ரோல் போட்டா அதுக்கேத்த பூஸ்ட். அந்த தைரியத்துல அழுத்த விகிதத்தை 7.2லருந்து 8.5க்கு ஏத்தினாங்க. யோசிச்சுப் பாருங்க, பூஸ்ட் எஞ்சினுக்கு ஈயம் இல்லாமலேயே அழுத்தம் கூடிச்சு! அறுபது வருஷமா விஷத்தை ஊத்தி அடக்கின சத்தத்தை, ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டதும் பிரச்சினை பாதி தீர்ந்துடுச்சு.

அதுக்கப்புறம் சூப்பர்சார்ஜரும் ரோட்டுக்குத் திரும்ப வந்துச்சு. 1986ல டொயோட்டா எம்.ஆர்.2வுல மின்காந்த கிளட்ச் வெச்ச சூப்பர்சார்ஜர். வேணும்போது மட்டும் சேர்ந்துக்கும், 1921 மெர்சிடிஸோட பேரன். 1989ல ஃபோர்டு தண்டர்பேர்டு சூப்பர் கூப்பே, 3.8 லிட்டர், 210 குதிரைத்திறன். இதுல அமுக்கின காத்தைக் குளிர்விக்கிற இன்டர்கூலரும் உண்டு. சூட்டைக் குறைச்சா பெட்ரோலோட பொறுமை மேல விழற பாரம் குறையும், டைமிங்கை அந்தளவு பின்னாடி இழுக்க வேண்டாம். மூணு பேருக்கும் லாபம்.

சொந்தமா சூப்பர்சார்ஜர் மாட்டற ஆசைக்காரங்க அடிக்கடி சறுக்கற இடமும் இதுதான். புல்லியைச் சின்னதாக்கினா ஊதி வேகமாச் சுத்தும், பூஸ்ட் ஏறும். மீட்டர்ல முள் ஏறறதைப் பார்த்து சந்தோஷம். ஆனா காத்தோட சூடும் ஏறும், நாக் சென்சார் டைமிங்கைப் பின்னாடி இழுக்கும், கடைசியில ஏத்தின பூஸ்ட்ல கிடைச்சதை டைமிங் தின்னுடும். பழைய டைமிங், சென்சாரே இல்லாத வண்டின்னா பிஸ்டனையும் சேர்த்துத் தின்னும். மீட்டர்ல தெரியற ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பஞ்சாயத்து பண்ண முடியாது.

மேடைக்குத் திரும்பினவர்

அடிக்கோடு போடச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

2018ல டாட்ஜ் டெமன்னு ஒரு கார். 6.2 லிட்டர், சூப்பர்சார்ஜர், 14.5 பி.எஸ்.ஐ. பூஸ்ட். பங்க் பெட்ரோல்ல 808 குதிரைத்திறன். 100 ஆக்டேன் ரேஸ் பெட்ரோல் ஊத்தி, அதுக்கான கணினியை மாட்டி, ஒரு பட்டனை அமுக்கினா 840. 1940ல மெர்லின் எஞ்சின் சொன்ன அதே பாடம், இப்ப ஒரு பட்டன்ல.

2023ல அதோட வாரிசு டெமன் 170. சாதாரண பங்க் பெட்ரோல்ல 900 குதிரைத்திறன். இ85 ஊத்தினா 1,025. இ85னா பெரும்பகுதி எத்தனால். ஆமாங்க, ஆல்கஹால். 1921 அக்டோபர்ல மிட்ஜ்லி டேட்டன்லருந்து ஓட்டிக்கிட்டுப் போனாரே, அதே ஆல்கஹால். ஆவியாகும்போது பெட்ரோலை விட ரெண்டு மடங்குக்கும் மேல சூட்டை இழுத்துக்கும், ஆக்டேனும் நூறைத் தாண்டும். லிட்டருக்கு சக்தி குறைவு, அதனால அதிகமா ஊத்தணும். அது ஒண்ணுதான் குறை. யாருக்கும் பைத்தியம் பிடிக்காது, எந்தக் குழந்தையோட பால் பல்லுலயும் போய் உக்காராது.

அந்த ரெண்டு மாசத்துக்கு நடுவுல எடுத்த ஒரு முடிவை உலகம் திருத்திக்க எவ்வளவு நாளாச்சு தெரியுமா? அமெரிக்கா ரோட்டுக் கார்களுக்கு ஈயப் பெட்ரோலை முழுசா நிறுத்தினது 1996ல. இந்தியா 2000ல. உலகத்துல கடைசியா நிறுத்தின நாடு அல்ஜீரியா, 2021 ஜூலை. சரியா நூறு வருஷம்.

டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பின மெக்கானிக்கை இப்ப நினைச்சுப் பார்க்கிறேன். அவர்கிட்ட கருவி எதுவும் இல்ல. பானெட்டைத் தூக்கி, தலையைச் சாய்ச்சு, முதல்ல கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம்தான் கையை வெச்சார். கொஞ்சம் இழுவை போனாலும் பரவாயில்ல, எஞ்சின் பிழைக்கட்டும்னு நினைச்சார். பவர் வேணும்னா யாராவது எதையாவது விட்டுக் கொடுத்துத்தான் ஆகணும். யாரு விட்டுக் கொடுக்கிறாங்கன்னு தெரியாம மூடி மறைச்சாத்தான் அது பாவம்.

அடுத்த தடவை மேட்டுல அந்தக் கூழாங்கல் சத்தம் கேட்டா, ரேடியோ சத்தத்தைக் கூட்டிடாதீங்க. கியரைக் குறைங்க. உங்க வண்டி ஏதோ சொல்லுது.